முறுக்குப் பின்னல் சுவெற்றர்: மட்டக்களப்பு விறாந்தையில் பின்னி மலைநாட்டுக் குளிருக்கு அனுப்ப

சுவெற்றரின் நெஞ்சில் கயிறு போல ஏறும் கோலத்தைப் பார்த்து, அது தனிப்பட்ட வித்தை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். செய்வது மிகச் சின்ன வேலை. ஊசியில் வரிசையாக நிற்கும் 6 கண்ணிகளில் முதல் 3ஐ வேறொரு சிறிய ஊசியில் ஒதுக்கி வைத்து, அடுத்த 3ஐ முதலில் பின்னி, பிறகு ஒதுக்கியதைப் பின்ன வேண்டும். இடம் மாறிய கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரியாகத் தெரியும். நேர்க்கண்ணியும் புறக்கண்ணியும் கைக்கு வந்த எவரும் ஒரு மாலைக்குள் இதைப் பழகலாம்.

சுவெற்றர் கெடுவது பெரும்பாலும் கணக்கில்தான். முறுக்கு அகலத்தைத் தின்னும். 6 கண்ணி முறுக்கு ஏறக்குறைய 4 கண்ணியின் அகலத்தில் நிற்கும். வெறும் பின்னலுக்குப் போட்ட கணக்கிலேயே முறுக்கையும் போட்டால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் ஒடுங்கி, பக்கத் தையல் முன்னால் இழுபடும். கீழே உள்ள கணக்கில் அந்த இழப்பு முதலிலேயே ஈடுசெய்யப்பட்டிருக்கிறது. எங்கே, எத்தனை என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லியிருக்கிறோம். வேறு அளவுக்கு மாற்றுபவர்கள் அந்த இடங்களை விட்டுவிடக் கூடாது.

இந்த அளவு 36 முதல் 37 அங்குல மார்புக்கு. முடிந்த உடை சுற்றளவு 40½ அங்குலம், உயரம் 24 அங்குலம். செங்கலடிச் சந்தியில் திரும்பிப் பதுளை வீதியில் மலையேறி, பண்டாரவளையிலோ ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ படிக்கவும் வேலைசெய்யவும் போகிறவர்களுக்கு உள்ளே ஒரு சட்டையோடு போடச் சரியாக இருக்கும். கனடா, லண்டன் பனிக்கு இது மேலங்கிக்குள் போடும் உடை, தனியாகப் போதாது.

எவ்வளவு நாள் எடுக்கும் என்று முதலே தெரிந்துகொள்ளுங்கள். முழு உடையில் 58,000க்கு மேல் கண்ணிகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் கைக்கு 49 மணி நேரம் வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் என்றால் 7 வாரம். மார்கழிக் குளிருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் புரட்டாதியில் கண்ணி ஏற்றுங்கள். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கிய பிறகு கழுவி உலர்த்துவதே ஒரு தனிப் பாடு.

நூலும் ஊசியும்

டி.கே என்று லேபிளில் எழுதியிருக்கும் நடுத்தரத் தடிப்பு நூல் 500 கிராம் வேண்டும், 550 வாங்குங்கள். எல்லா உருண்டையிலும் லொட் இலக்கம், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் என்று காட்டும் இலக்கம், ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு லொட் கடையில் ஒரே நிறமாகத்தான் தெரியும். பின்னி வெளிச்சத்தில் பிடித்தால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு விழும். குறைந்தால் பிறகு வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதே லொட் திரும்பக் கிடைப்பது அரிது.

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது அக்றிலிக். முதல் சுவெற்றருக்கு அது போதும்: மலிவு, கழுவலாம், பூச்சி அரிக்காது. ஆட்டுக் கம்பளி கிடைத்தால் முறுக்கு இன்னும் புடைத்து நிற்கும், சூடும் கூட. பருத்தியை இந்தக் கோலத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மருதமுனைத் தறிகளுக்கு வரும் பருத்தி நூல் பக்கத்திலேயே இருக்கிறதே, நாலைந்து இழை சேர்த்துப் பின்னினால் என்ன என்று தோன்றும். அது நெசவுக்கான நூல். நெகிழாது, கண்ணிகளைக் குறுக்கே இழுக்கும்போது இழைகள் பிரிந்து ஊசி நடுவில் குத்தும், முடிந்த உடை தன் பாரத்திலேயே கீழே நீளும். அந்த நூலை அந்தத் தறிக்காரரின் கைக்கே விட்டுவிடுவது நல்லது.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். முறுக்கின் அழகு நிழலில் இருக்கிறது, கறுப்பிலும் கடும் நீலத்திலும் நிழல் தெரியாது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள அரன் தீவுகளின் பேர்பெற்ற முறுக்குச் சுவெற்றர்களுக்குச் சாயம் போடாத பால்நிறக் கம்பளி வழக்கமானதால் அந்தக் கோலங்கள் எடுப்பாகத் தெரிந்தன. (அவை தொன்றுதொட்டு வந்தவை, குடும்பத்துக்கு ஒரு கோலம் இருந்தது என்று சொல்லப்படுவது பின்னாளில் கட்டிய கதை. அந்தச் சுவெற்றர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்தது.) வெளிறிய நிறத்துக்கு இன்னொரு நன்மை: மின்சாரம் போன இரவில் விளக்கொளியில் கண்ணி தெரியும்.

ஊசி இரண்டு சோடி: 4 மில்லிமீற்றர், 3.25 மில்லிமீற்றர். வீட்டிலிருக்கும் பழைய ஊசிகளில் பிரித்தானிய இலக்கம் பொறித்திருக்கும், 4 மி.மீ. என்பது 8ஆம் இலக்கம், 3.25 என்பது 10ஆம் இலக்கம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் ஊசியில் அமெரிக்க இலக்கம் இருக்கலாம். அந்த 8ஆம் இலக்கம் 5 மி.மீ. அதில் பின்னினால் உடை இன்னொருவரும் சேர்ந்து நுழையும் அளவுக்கு வரும். இலக்கத்தை நம்பாமல் மில்லிமீற்றரைப் பாருங்கள். அமெரிக்க இலக்கத்தில் 4 மி.மீ. என்பது 6, 3.25 என்பது 3.

உப்புக்காற்றில் இரும்பு ஊசி துருப்பிடிக்கும். துரு வெளிர் நூலில் கறையாக ஏறினால் போகாது. அலுமினியமோ மூங்கிலோ நல்லது. வியர்க்கும் கைக்கு மூங்கில் இன்னும் இதம். அக்றிலிக்கும் ஈரக் கையும் சேர்ந்தால் கண்ணி உலோக ஊசியில் ஒட்டி இறுகும். மடியில் ஒரு சின்னத் துவாய் போட்டு அடிக்கடி கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்குக்கு ஒதுக்கும் ஊசி கடையில் கிடைக்காவிட்டால் புதிய சைக்கிள் கம்பி ஒன்றை 5 அங்குலத்துக்கு வெட்டி, இரு முனையையும் மண்தாளில் உரைத்து மழுங்கச் செய்து, நடுவில் சற்று வளையுங்கள். அது 2 மி.மீ. அளவுதான் தடிப்பு என்பதால் கண்ணியை அகட்டாது, வளைவினால் கண்ணியும் நழுவாது. தென்னை ஈர்க்கைப் பயன்படுத்த வேண்டாம். அதன் தும்பு நூலைப் பிடிக்கும். இவற்றோடு பெரிய சேப்டி பின் ஆறு, குரோஷே ஊசி ஒன்று, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, அளவு நாடா, ஒரு கொப்பியும் பென்சிலும்.

மாதிரித் துண்டு

4 மி.மீ. ஊசியில் 32 கண்ணி ஏற்றி, நல்ல பக்கத்தில் நேர்க்கண்ணியும் உள்பக்கத்தில் புறக்கண்ணியுமாக 40 வரி பின்னி மூடுங்கள். கழுவி, படுக்க வைத்து உலர்த்தி, நடுவில் 4 அங்குலத்தை அளந்து எண்ணுங்கள். 22 கண்ணி, 28 வரி வர வேண்டும். 24 வந்தால் கை இறுக்கம், ஊசியைப் பெரிதாக்குங்கள். 20 வந்தால் சிறிதாக்குங்கள். இரண்டு கண்ணிதானே என்று விடக் கூடாது. இதே கணக்கை 20 கண்ணிக் கையில் பின்னினால் உடை 44¾ அங்குலம். 24 கண்ணிக் கையில் 37¼ அங்குலம்.

அடுத்த துண்டு முறுக்குக்கு. 45 கண்ணி ஏற்றுங்கள்: இரு ஓரத்திலும் 8, நடுவில் கீழே சொல்லும் 29 கண்ணிக் கோலம். 32 வரி பின்னிக் கழுவிய பிறகு அந்த 29 கண்ணிக் கோலம் மட்டும் 4 அங்குல அகலம் இருக்க வேண்டும். வெறும் பின்னலில் 4 அங்குலத்துக்கு 22 கண்ணி போதும். மிச்ச 7 கண்ணியைத்தான் முறுக்கு தின்கிறது. உங்கள் துண்டு 3½ அங்குலத்துக்கு ஒடுங்கினால் முன்பக்கத்தில் ஓரம் ஒவ்வொன்றுக்கும் 46க்குப் பதில் 47 கண்ணி வைத்து, கழுத்தில் 8க்குப் பதில் 9 குறையுங்கள். இந்தத் துண்டில் வீணாகும் இரண்டு மாலை, பிறகு முழு முன்பக்கத்தையும் பிரிக்கும் இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தும்.

குறியீடுகள்

நே என்பது நேர்க்கண்ணி, பு என்பது புறக்கண்ணி. நே6 என்றால் 6 நேர்க்கண்ணி.

முன்6: அடுத்த 3 கண்ணியை ஒதுக்கும் ஊசிக்கு மாற்றி, துணிக்கு முன்னால், உங்கள் பக்கம் தொங்க விடுங்கள். இடது ஊசியிலிருந்து நே3. பிறகு ஒதுக்கிய ஊசியிலிருந்து நே3. மேலே நிற்கும் புரி இடப்பக்கம் சாயும்.

பின்6: அதேபோல 3 கண்ணியை மாற்றி, துணிக்குப் பின்னால் விடுங்கள். நே3, பிறகு ஒதுக்கியதில் நே3. புரி வலப்பக்கம் சாயும்.

கண்ணிகளை மாற்றும்போது முறுக்காமல், இருந்தபடியே வழுக்கி எடுங்கள். ஒதுக்கிய பிறகு பின்னும் முதல் கண்ணியில் நூலை ஒரு தடவை நன்றாக இழுங்கள். குறுக்கே ஓட்டை விழுவது அந்த ஒரு கண்ணி தளர்வதால்தான். மற்ற ஐந்தையும் வழக்கம் போலப் பின்னுங்கள். ஆறையும் இழுத்தால் முறுக்கு கட்டையாகி, 4 அங்குலக் கணக்கு பிழைக்கும்.

பின்பக்கம்

பின்பக்கத்தில் முறுக்கு இல்லை. நூல் மிச்சம், கதிரையில் சாய்ந்தாலும் உறுத்தாது.

3.25 ஊசியில் 114 கண்ணி ஏற்றி 20 வரி ரிப்: நல்ல பக்கம் நே2, பிறகு பு2 நே2 என்று முடிவு வரை, உள்பக்கம் பு2, பிறகு நே2 பு2. 4 மி.மீ. ஊசிக்கு மாறி, நல்ல பக்கம் முழுக்க நே, உள்பக்கம் முழுக்க பு என்று 88 வரி. ரிப்போடு சேர்த்து 15 அங்குலம் வந்திருக்கும்.

கை வெட்டுக்காக அடுத்த இரண்டு வரியின் தொடக்கத்திலும் 10 கண்ணி மூடுங்கள். 94 நிற்கும். அந்த இரண்டு வரியையும் சேர்த்து 64 வரி பின்னுங்கள். பிறகு தோளுக்கு 28 மூடி, நடு 38ஐப் பெரிய சேப்டி பின்னில் ஏற்றி, மற்றத் தோளின் 28ஐ மூடுங்கள்.

முன்பக்கம்

அதே 114 கண்ணி, 3.25 ஊசி, 19 வரி ரிப். 20ஆம் வரி உள்பக்கத்தில் வரும். முறுக்கு தின்னப்போகும் 7 கண்ணியையும் இங்கேதான் கூட்டுகிறோம். கூட்டு என்றால் இரு கண்ணிக்கு நடுவிலுள்ள குறுக்கு நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னுவது. முறுக்காமல் பின்னினால் ஓட்டை தெரியும்.

20ஆம் வரி: பு46, நே2, (பு1, கூட்டு, பு2, கூட்டு, பு1), நே2, (பு1, கூட்டு, பு2, கூட்டு, பு2, கூட்டு, பு1), நே2, (பு1, கூட்டு, பு2, கூட்டு, பு1), நே2, பு46. இப்போது 121 கண்ணி.

4 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். கோலம் 8 வரி:

1ஆம், 5ஆம் வரி: நே46, பு2, நே6, பு2, நே9, பு2, நே6, பு2, நே46.
3ஆம் வரி: நே46, பு2, முன்6, பு2, பின்6, நே3, பு2, பின்6, பு2, நே46.
7ஆம் வரி: நே46, பு2, நே6, பு2, நே3, முன்6, பு2, நே6, பு2, நே46.
எல்லா இரட்டை வரியும்: பு46, நே2, பு6, நே2, பு9, நே2, பு6, நே2, பு46.

ஓரங்களில் இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய, நடுவில் முப்புரிச் சடை ஏறும். கயிறு 8 வரிக்கு ஒரு தடவை முறுகும். சடை 4 வரிக்கு ஒரு தடவை, ஒருமுறை வலப்பாதியும் மறுமுறை இடப்பாதியுமாக மாறும். தலைச்சடை பின்னும் கை இதைத் தானாகவே புரிந்துகொள்ளும்: எப்போதும் ஓரத்துப் புரி நடுவுக்கு வருகிறது. முறுக்குக்கு இரு பக்கத்திலும் உள்ள பு2 வாய்க்கால் போல உள்ளே அமுங்குவதால்தான் புரி மேலே எழுகிறது. அந்த இரண்டையும் சேமிக்க நினைத்து நேராகப் பின்னினால் முறுக்கு துணிக்குள் மறைந்துவிடும்.

இந்த 8 வரியை 11 தடவை பின்னுங்கள்: 88 வரி. பிறகு இரண்டு வரியின் தொடக்கத்திலும் 10 மூட, 101 கண்ணி. ஓரங்களில் 46க்குப் பதில் 36. கோலம் விடாமல், மூடிய வரிகளையும் சேர்த்து 40 வரி, அதாவது இன்னும் 5 தடவை.

கழுத்து: நே36 பின்னி, நடுவிலுள்ள 29 கண்ணிக் கோலத்தை அப்படியே ஒரு சேப்டி பின்னில் ஏற்றுங்கள். மற்ற 36ஐ இன்னொரு பின்னில் வையுங்கள். கையிலுள்ள 36இல், கழுத்து ஓரத்திலிருந்து தொடங்கும் வரிகளில் 3, 2, 1, 1, 1 என்று மூடுங்கள். 28 மிஞ்சும். கை வெட்டுக்கு மூடிய வரிகளிலிருந்து எண்ணி 64 வரி ஆகும்வரை நேரே பின்னி, தோளை மூடுங்கள். மற்றப் பக்கத்துக்குக் கழுத்து ஓரத்தில் புதிய நூல் சேர்த்து இதையே செய்யுங்கள். இரு பக்கத் தோளும் பின்பக்கத் தோளைப் போலவே 28 என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

கைகள்

3.25 ஊசியில் 50 கண்ணி, 19 வரி ரிப். 20ஆம் வரி: பு21, நே2, (பு1, கூட்டு, பு2, கூட்டு, பு1), நே2, பு21. 52 கண்ணி. 4 மி.மீ. ஊசியில் நே21, பு2, நே6, பு2, நே21 என்று தொடங்கி, 8 வரியில் 3ஆம் வரியில் மட்டும் நடு 6ஐ முறுக்குங்கள். ஒரு கைக்கு முன்6, மற்றதற்குப் பின்6. இரண்டும் ஒன்றாக இருந்தால் போட்டவுடன் கண்ணுக்குப் பிசகு தெரியும்.

5ஆம் வரியிலிருந்து 4 வரிக்கு ஒரு தடவை, இரு ஓரத்திலும் 2 கண்ணி உள்ளே தள்ளி ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். இப்படி 25 தடவை. கூட்டும் வரிகள் எப்போதும் கோலத்தின் 5ஆம், 1ஆம் வரிகளிலேயே விழும், முறுக்கும் 3ஆம் வரியோடு மோதாது. 101ஆம் வரியில் 102 கண்ணியாகும். 120ஆம் வரி வரை நேரே பின்னித் தளர்வாக மூடுங்கள். இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் இரு நூலுருண்டையில் அருகருகே பின்னினால் நீளம் பிசகாது. பாரம் தாங்கும் என்றால் அப்படியே செய்யுங்கள்.

எங்கே பிழைக்கும்

வரி எண்ணுவதில்தான் அதிகம். பேச்சு, பிள்ளை அழுகை, அடுப்பில் பால். எழுந்து வந்தால் வரி மறந்துவிடும். கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு போடுங்கள். அதற்குமேல், 3ஆம் வரியில் முறுக்கிய கயிற்றில் அப்போது பின்னிய ஒரு கண்ணியிலேயே சேப்டி பின் ஒன்றை மாட்டுங்கள். பிறகு பின்னுக்கு மேலே ஊசியிலுள்ள கண்ணியையும் சேர்த்து எண்ணும்போது 7 வந்தால் அடுத்து வருவது முறுக்கும் வரி. சடைக்கு அது 3. முறுக்கு எப்போதும் நல்ல பக்கத்தில்தான் விழும். உள்பக்கம் பார்த்தபடி முறுக்க வேண்டியிருக்கிறது என்றால் ஒரு வரி தவறியிருக்கிறது.

திசை மாறிய முறுக்கு இன்னொன்று. முன்னால் விட வேண்டியதைப் பின்னால் விட்டிருப்பீர்கள். அதைப் பத்து வரி ஏறிய பிறகே காண்பீர்கள். முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்த 6 கண்ணிக்கு நேரே மேலே ஊசிவரை வந்து, அந்த 6ஐ மட்டும் ஊசியிலிருந்து விட்டு, பிழைத்த முறுக்கு வரை ஏணி போலக் கீழே பிரியுங்கள். முறுக்குக்குக் கீழுள்ள 6 கண்ணியையும் சிறிய ஊசியில் பிடியுங்கள். மூன்று மூன்றாகச் சரியான திசையில் இடம் மாற்றி, குரோஷே ஊசியால் ஒவ்வொரு ஏணிப்படியையும் கண்ணி கண்ணியாக மேலே ஏற்றுங்கள். படிகளை வரிசைப்படியே எடுக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் பின்னால் நூல் தொங்கும். ஏற்றிய இடம் முதலில் சொரசொரப்பாகத் தெரியும், கழுவியதும் அடங்கும். சடையில் இதைச் செய்வது கடினம், ஏனென்றால் இடையில் மற்ற முறுக்கும் குறுக்கிடும். அங்கே 9ஐயும் இறக்கி, ஒவ்வொரு முறுக்கையும் திரும்பப் போட வேண்டும்.

முறுக்கின் இடது ஓரத்திலுள்ள கடைசி நேர்க்கண்ணி தொளதொளவென்று பெரிதாக நிற்பதைப் பலர் தங்கள் கைக்குறை என்று நினைக்கிறார்கள். நேரிலிருந்து புறத்துக்குப் போகும்போது நூல் முன்னால் வர வேண்டியிருப்பதால் அங்கே சற்று அதிக நூல் போகிறது, எல்லோருக்கும் வரும். அதை அடுத்து வரும் முதல் புறக்கண்ணியைப் பின்னி முடித்ததும் நூலை ஒரு தடவை இழுங்கள். பத்து வரிக்குள் ஓரம் நேராகும்.

நூலுருண்டை முடியும் இடத்தை முறுக்குக்குள் விடாதீர்கள். ஓரத்தில் வரி தொடங்கும்போதே புதிய நூலைச் சேருங்கள், வால் தையலுக்குள் மறையும்.

பொருத்துதல்

துண்டுகளைப் பொருத்துவதற்கு முன் கழுவி அளவுக்கு விரித்துக் காயவிடுங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் போகாத நீர், மென்மையான சவர்க்காரம், 20 நிமிடம் ஊற விட்டால் போதும். தேய்க்கவும் பிழியவும் கூடாது. கம்பளி என்றால் தேய்த்த இடம் சுருங்கித் தடித்துவிடும். உங்கள் கிணற்று நீர் வாளியில் மஞ்சள் படிய விடுமானால் வெளிர் நூலுக்கு அதை எடுக்காமல் குழாய் நீரோ மழைநீரோ பயன்படுத்துங்கள். துவாயில் சுருட்டி அமத்தி நீரை எடுத்து, பன்பாயில் துணி விரித்து, அதன்மேல் நிழலில் படுக்க வையுங்கள். பன்பாயின் இடைவெளியால் கீழிருந்தும் காற்று போகும். சீமெந்துத் தரையில் நேரடியாக வைத்தால் அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். கொடியில் தொங்கவிடவே கூடாது, ஈர நூலின் பாரம் கையையும் உடலையும் நீட்டிவிடும். பின்பக்கமும் முன்பக்கமும் இரண்டும் 20½ அங்குல அகலத்துக்கு வருகிறதா என்று நாடா வைத்துப் பாருங்கள். முன்பக்கம் சற்றுக் குறைந்தால் ஈரமாக இருக்கும்போதே கையால் மெல்ல அகட்டலாம். அக்றிலிக்குக்கு இஸ்திரிக்கை காட்டாதீர்கள். சூடு பட்ட இடத்தில் நூல் உருகித் தளர்ந்து, முறுக்கு ஒரேயடியாகத் தட்டையாகிவிடும், திரும்ப எழாது.

காய்ந்ததும் வலது தோளை மட்டும் தையுங்கள். கழுத்துக்கு 3.25 ஊசி. நல்ல பக்கம் பார்த்து, இடது முன்கழுத்துச் சரிவில் 19 கண்ணி எடுங்கள். சேப்டி பின்னில் ஏற்றி வைத்த நடு 29ஐப் பின்னும்போது, கயிறுகளில் இரண்டிரண்டும் சடையில் மூன்றுமாக இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி 22 ஆக்குங்கள். கீழே கூட்டிய 7 இங்கே திரும்பக் கழிகிறது. இதை விட்டால் கழுத்து முன்னால் அலை போல நிற்கும். வலது சரிவில் 19, பின்கழுத்தில் 38. மொத்தம் 98. 8 வரி ரிப் பின்னி, 4 மி.மீ. ஊசியால் தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடினால் தலை நுழையாது. மூடியவுடன் ஒரு தடவை தலையில் போட்டுப் பாருங்கள்.

பிறகு இடது தோளும் கழுத்துப்பட்டியும். கையின் மேல் ஓரத்தின் நடுவைத் தோள் தையலுக்கு நேரே பொருத்தி, இரு பக்கமும் கை வெட்டின் நேர் ஓரத்தில் தையுங்கள். கையின் பக்க ஓரத்தில் மேல் 12 வரியளவு, உடலில் மூடிய 10 கண்ணியோடு சேரும். கடைசியாக மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே தையல். நல்ல பக்கம் பார்த்து, ஓரக் கண்ணிக்கு உள்ளேயுள்ள குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துத் தைத்தால் தையலே தெரியாது. பின்பக்கமும் முன்பக்கமும் ஒரே வரிக்கணக்கு என்பதால் வரிக்கு வரி சேர வேண்டும். கடைசியில் ஒரு பக்கம் நாலைந்து வரி மிஞ்சினால் இழுத்துச் சரிக்கட்டாமல், பிரித்து எங்கே தவறியது என்று பாருங்கள்.

வைத்திருப்பது

மாரியில் பூஞ்சணம் பிடிப்பது பூச்சியைவிடப் பெரிய தொல்லை. முழுக்க உலர்ந்ததா என்று அக்குளையும் ரிப்பையும் தொட்டுப் பாருங்கள். அவைதான் கடைசியில் காயும். மழை நாளில் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் ஒரு நாளில் காயாது, பொறுங்கள். மடித்து வையுங்கள், கொளுவியில் தொங்கவிட்டால் தோளில் முட்டு விழும். கம்பளியைப் பருத்தித் துணியில் சுற்றி, பூச்சி உருண்டையைத் துணிக்கு வெளியே வையுங்கள்.

மிஞ்சிய நூலில் 5 மீற்றரை ஒரு சிறு சுருளாக்கி, உள்பக்கத் தையலில் தளர்வாகக் கட்டி அனுப்புங்கள். உடையோடு சேர்ந்து அதுவும் கழுவப்படும், நிறமும் கூடவே மங்கும். முழங்கை தேயும்போது ஒட்டுப்போட நிறம் மாறாத நூல் அதிலேயே இருக்கும்.